துப்புக் கெட்டவள்

என் தொழில் துப்புவது. சொன்னால் சிரிப்பவர்களும் உண்டு, முகத்தைச் சுளிப்பவர்களும் உண்டு. இரண்டு கட்சியைப் பற்றியும் நான் கவலைப்பட்டதில்லை. ஒரு தேயிலைக் கம்பெனியில் நான் டீ டேஸ்டர். காலையில் ஜன்னலோரம் நீளமான மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தோட்டத்துத் தேயிலை ஊறி இறங்கிய சாறு. பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. கரண்டியில் எடுத்து, தெருவில் போகிறவனுக்கே கேட்கும்படி சர்ரென்று உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, மூக்கு வழியாக மணத்தை வெளியே அனுப்பி, காலோடு உருண்டு வரும் சக்கரத் தொட்டியில் துப்ப வேண்டும். துப்பியதும் தீர்ப்பு. துவர்ப்பு போதாது, நிறம் இருக்கிறது உயிர் இல்லை, இது பறித்த பிறகு ரொம்ப நேரம் கிடந்த இலை என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். விழுங்கினால் கதை கந்தல். அத்தனை கிண்ணத்தையும் உள்ளே தள்ளினால் வயிறும் தாங்காது, தலையும் தாங்காது.

என்னோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் கடிகாரம். அது அவன் பெயர் இல்லை. தேயிலை ஊறி முடிகிற நொடியை மணி பார்க்காமலே சொல்வான் என்பதால் வந்த பட்டம். முதல் நாளே என்னிடம் சொன்னான்: "இந்த வேலைக்குப் படிப்பெல்லாம் வேணாம். துப்பு இருந்தாப் போதும்." அன்றிலிருந்து எங்கள் அறையில் யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அவர்கள் அன்றைக்குத் துப்புக் கெட்டவர்கள். கடிகாரம் பல தடவை வாங்கியிருக்கிறான். எங்கள் தலைவியான மேடம்கூட ஒரு தடவை வாங்கினார். நான் வாங்கியதே இல்லை. எனக்கு நாக்கு நீளம் என்று வீட்டில் திட்டுவார்கள்; ஆபீஸில் அதே நாக்குக்குத்தான் சம்பளம்.

அந்த நாக்குதான் என் காலை வாரியது.

ஒரு தோட்டத்து இலையில் புகை வாடை. உலர்த்தும் இயந்திரத்தில் எங்கேயோ ஓட்டை விழுந்து, அடுப்புப் புகை இலையோடு கலந்துவிட்டது. ஜலதோஷம் பிடித்தவன்கூடக் கண்டுபிடித்திருப்பான். நான் 'நல்ல இலை' என்று சொல்லி அனுப்பினேன். அது மற்ற இலைகளோடு கலந்து, பெட்டி பெட்டியாகப் போய், வாங்கியவர்களின் வசவோடு திரும்பி வந்தது. மேடம் கத்தவில்லை. இரண்டு கிண்ணங்களை என் முன்னால் வைத்தார்.

"இதுல எது அது? சொல்லு."

உறிஞ்சினேன், துப்பினேன். மறுபடி உறிஞ்சினேன். இரண்டும் நிறம் ஏறிய வெந்நீர். குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினேன். தப்பு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் காத்திருந்த வாய்ப்பு, துப்புக் கெட்டவளே என்று கூரை அதிரக் கத்தியிருக்க வேண்டும். அவன் தலையைக் குனிந்து கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"சளியா இருக்கும், போய் டாக்டரைப் பாரு," என்றார் மேடம். "அதுவரைக்கும் சாம்பிள் ரூம்ல இரு. தேயிலை ஏலம் சூடு பிடிக்கறதுக்குள்ள நாக்கோட வந்துடு. இல்லேன்னா அந்த இடத்துக்கு நான் வேற ஆளைப் பார்க்கணும். எனக்கு வேற வழியில்ல."

வீட்டுக்கு வந்து, "என் நாக்கு செத்துப் போச்சு," என்றேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பழுதையும் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று முதலில் நம்புகிறவர். மிளகு போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

டாக்டர் என் தொண்டையையும் மூக்கையும் டார்ச் அடித்துப் பார்த்தார். குற்றம் ஒன்றும் இல்லை. பிறகு மணிக்கட்டைப் பிடித்தவர் பிடித்தபடியே இருந்தார்.

"ஓட்டப் பந்தயத்துல ஓடறீங்களா?"

"பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுவேன்."

"உங்க நாடி ரொம்ப மெதுவா ஓடுது. ஓட்டக்காரங்களுக்கு இப்படி இருந்தா சந்தோஷப்படுவேன். உங்களுக்கு இருந்தா எனக்குப் பயமா இருக்கு. நேத்து என்ன சாப்டீங்க?"

"சாப்பிட்டேன்," என்றேன்.

"என்னன்னு கேட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாக்கைக் காட்ட வந்தவளிடம் வயிற்றைப் பற்றி என்ன விசாரணை? அவர் அசரவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார். நாக்குக்குச் சுவை தெரிய வேண்டிய சத்துகூட என் ரத்தத்தில் பஞ்சமாக இருந்தது. "நாக்கு சாகல. பட்டினி கிடக்கு. உங்க இதயமும் சேர்ந்து கிடக்கு," என்றார். நான் பட்டினி கிடக்கவில்லை, என் தொழிலுக்கு அது தேவை என்று வாதாடினேன். வாதாடும்போதே என் குரல் எனக்குச் சகிக்கவில்லை.

தொழிலுக்குத் தேவைதான், ஒரு எல்லை வரை. மேசைக்கு வருமுன் காரம் கூடாது, பூண்டு வெங்காயம் கூடாது. எல்லா டேஸ்டரும் கடைப்பிடிப்பது. நான் அதைக் கொஞ்சம் நீட்டினேன். காலையில் எதுவுமே வேண்டாம், வெறும் வயிற்றில் நாக்கு கத்தி மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் மத்தியானமும் வேண்டாம். அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டை எடுத்து, மென்று, ருசி பார்த்து, ஒரு கிண்ணத்தில் துப்பக் கற்றுக்கொண்டேன். ஊரே விழுங்குகிறது, நான் மட்டும் ருசியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறேன் என்று எனக்குள் பெரிய கெத்து. 'இளைச்சுட்டியே' என்று யாராவது சொன்னால் பதக்கம் குத்தியது போல நடப்பேன். இதில் தொழில் பாதிதான். மீதி, உடம்பு கூடிவிடும் என்ற பயம். தட்டில் சோறு விழும் சத்தத்துக்கே நெஞ்சு அடைக்கும். கண்ணாடியில் எலும்பு தெரிந்த நாளில்கூட இன்னும் கொஞ்சம் குறையலாம் என்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பயத்துக்கு நான் தொழில் என்று பெயர் வைத்திருந்தேன்.

வீட்டுக்காரருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். சமையலறையில் நான் துப்புவதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமை அடித்திருக்கிறார்: "என் பொண்டாட்டிக்கு வேலைன்னா வெறிங்க. வீட்லயும் பிராக்டீஸ்." டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்த அன்று இதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கிண்ணத்தைக் குப்பையில் போட்டோம். மறுநாளே நான் வேறு கிண்ணம் எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் அனுப்பித்தான் ஒரு மனநலக் கவுன்சிலரிடம் போனேன். சாப்பாட்டுக் கோளாறு உள்ளவர்களையே பார்ப்பவர். என் வயதுதான் இருக்கும். சின்ன அறை, இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு தட்டில் சாதாரண பிஸ்கட். அன்றே அவருக்கு பிஸ்கட்டம்மா என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

"எடுத்துக்கறீங்களா? கட்டாயம் இல்ல," என்றார்.

சவாலா, நான் பின்வாங்குவேனா? எடுத்துக் கடித்தேன். "வெண்ணெய் இல்ல, எண்ணெய்தான். ஒரு பக்கம் கூட வெந்திருக்கு. பாக்கெட் பிரிச்சு ரெண்டு நாளாச்சு." நாக்கு செத்தவள் இவ்வளவு சொன்னதே அதிகம். பாதி கண்ணால் பார்த்துச் சொன்னது, பாதி பல்லுக்குத் தெரிந்தது. சொல்லி முடித்துவிட்டு டிஷ்யூ பேப்பரை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"ரொம்ப அழகா சொன்னீங்க," என்றார் அவர். "துப்பிட்டீங்களே."

கையில் இருந்த பேப்பரைப் பார்த்தேன். பிஸ்கட் அதற்குள் இருந்தது. சத்தியமாக, துப்பியது எனக்கே தெரியவில்லை.

"அது எங்க தொழில்," என்றேன்.

"இங்க மேசையும் இல்ல, தொட்டியும் இல்ல. யாருக்காக டேஸ்ட் பார்த்தீங்க?"

பேப்பரை இறுக்கி மடித்துக்கொண்டு, "எனக்கு என் நாக்கு வேணும். அதுக்கு மட்டும் வழி சொல்லுங்க. மத்த ஆராய்ச்சியெல்லாம் வேணாம்," என்றேன்.

"நல்லது. நாக்குக்காகவே வாங்க," என்றார் பிஸ்கட்டம்மா. "எதுக்காக வந்தாலும் வழி ஒண்ணுதான். துப்பற வேலைக்குத் திரும்பறதுக்கு முன்னாடி முழுங்கற வேலையைப் பழகணும்."

இது எப்படி ஆரம்பித்தது, யார் மேல் தப்பு என்று தோண்டப் போகிறார் என்று நினைத்திருந்தேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார். இப்போது எது இதை ஓட்டிக்கொண்டிருக்கிறது என்பதே அவருக்கு முதல் வேலை. சாப்பிடாமல் இருந்தால் எனக்குப் பயம் குறைகிறது. குறைவதால் மறுநாளும் சாப்பிடவில்லை. சாப்பிடாத மூளை சாப்பாட்டையே நினைக்கிறது. நினைப்பதால் பயம் கூடுகிறது. செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன், அதற்கு மன உறுதி என்று பேர் வைத்துக்கொண்டு. அவர் சொன்ன வழி எரிச்சல் மூட்டும் அளவுக்கு எளிமையாக இருந்தது. வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும்.

"எனக்குப் பசியே கிடையாது," என்றேன் பெருமையாக.

"இருந்தது. இத்தனை வருஷம் கூப்ட்டுக் கூப்ட்டுப் பார்த்துட்டு வாயை மூடிக்கிச்சு. திரும்ப வரும். எப்பன்னு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் மணியைப் பார்த்துச் சாப்பிடுங்க."

அளவை மெதுவாகத்தான் கூட்ட வேண்டும், எடுத்த எடுப்பில் அள்ளிப் போட்டால் ஆபத்து என்று டாக்டர் வாராவாரம் வரச்சொல்லி ரத்தத்தையும் நாடியையும் பார்த்தார். பிஸ்கட்டம்மாவும் அவரும் போனில் பேசிக்கொள்வார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து ஒரு வாய் சோற்றுக்காகத் திட்டம் போடுவது எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு நாள் அதைச் சொன்னேன். "கால் உடைஞ்சா இவ்வளவு பேர் வேணுமே, அப்ப அவமானப்படுவீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

அப்புறம் வந்தது அம்மா விவகாரம்.

அம்மா வேறு ஊரில் என் தங்கையோடு இருக்கிறாள். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். எடுத்ததும் முதல் வார்த்தை, "சாப்டியா?" நான், "ஆச்சும்மா." இது கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை, வணக்கம் வைக்கிற மாதிரி. ஆனால் ஒரு நாள் தவறாமல் அந்த நேரத்தில் நான் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். பிஸ்கட்டம்மா இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் யாரும் கொஞ்ச நாள் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது, இளைத்தது பெருத்தது பேச்சும் கூடாது என்று தடை போட்டார். "அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லிச் சொல்லி உங்க வாய்க்குப் பழகிடுச்சு. உண்மையான பதில் வர்ற அன்னைக்குக் கேட்கச் சொல்லலாம்."

அம்மாவிடம் சொன்னேன். நோய் என்றதும் பதறினாள், தடை என்றதும் கொதித்தாள். "பெத்தவ சாப்டியான்னு கேக்கக் கூடாதா? எந்த ஊரு நியாயம்டி இது? பின்ன நான் என்னத்தைக் கேக்கறது?"

"வேற எதையாவது கேளேன்."

மறுநாள் போன் வந்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் அம்மா மூச்சு விடுவது கேட்டது.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் நீதான் சொல்லணும்."

"நான் என்ன சொல்றது. நீதான் சொல்லணும்."

"ஒண்ணும் இல்லம்மா."

"சரி. அங்க மழை பெய்யுதா?"

"இல்லையே."

"இங்கயும் இல்ல."

நாற்பது வருஷத்து அம்மா மகள் உறவு அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நின்றிருந்தது என்று அன்று தெரிந்தது. அதை உருவியதும் இரண்டு பேரும் தெரியாத ஊரில் வழி கேட்பவர்கள் மாதிரி தடுமாறினோம். மழை தீர்ந்து, பக்கத்து வீட்டு நாய் தீர்ந்து, தங்கை பையனின் பல் விழுந்த கதையும் தீர்ந்தது. ஒரு நாள் பேச எதுவும் கிடைக்காமல், நான் பிறக்குமுன் அவள் டைப்பிஸ்டாக வேலை பார்த்த ஆபீஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு ஒரு வேலை இருந்ததே எனக்குத் தெரியாது. அதிலிருந்து அவள் போனுக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன்.

வீட்டுக்காரருக்கு வேறு வேலை. என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், தட்டைப் பார்க்கக் கூடாது, சாப்பாட்டைத் தவிர எதைப் பற்றியும் பேசலாம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் லிஃப்ட். நடுவில் நின்ற லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். சண்டையில் பேசாமல் இருந்த புருஷன் பெண்டாட்டி மாட்டி, வெளியே எடுப்பதற்குள் சமாதானமாகிவிட்ட கதை. வெளியே இழுத்ததும், இவர் கேட்காமலே கையெழுத்துப் போட்டுத் தந்த நடிகர் கதை. நான் வாயில் இருப்பதை மெல்லுவேன். தொண்டை பூட்டிக்கொள்ளும். கை தானாக டிஷ்யூவைத் தேடும். அவர் கதையை நிறுத்தவே மாட்டார். நடிகர் வெளியே வருகிற இடத்தில் சிரித்துத் தொலைப்பேன், சிரிக்கும்போது வாயில் இருப்பது உள்ளே போய்விடும். பல நாள் அப்படித்தான் விழுங்கினேன்.

விழுங்கிய பிறகு இருக்கிறதே, அதுதான் நரகம். வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது என்று தோன்றும். எழுந்து ஓட வேண்டும், குதிக்க வேண்டும் என்று கால் துடிக்கும். அந்தப் பயம் அலை மாதிரி ஏறும், எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் இறங்கும் என்று பிஸ்கட்டம்மா சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. ஆனால் அவரைப் பொய்யர் என்று நிரூபிக்கும் ஆசையில் உட்கார்ந்து பார்த்தேன். இறங்கியது. எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

ஆபீஸில் என் இடத்தில் கடிகாரம் நின்றான். சாம்பிள் ரூமுக்கு வந்து, டப்பாக்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "உன் பக்கத்து ஜன்னல்ல வெயில் கண்ணைக் குத்துது. சீக்கிரம் வந்து தொலை," என்பான். ஏலம் நெருங்கிக்கொண்டிருந்தது. நானோ திறக்கிற ஒவ்வொரு டப்பாவையும் மூக்கில் வைத்துப் பார்ப்பேன். காகிதத்தை மோந்த மாதிரி இருக்கும். ஒரு நாள் ஒரு டப்பாவில் லேசாக, ரொம்ப லேசாக, ஈரமான வைக்கோல் வாசனை வந்தது. அந்த டப்பாவைக் கட்டிப் பிடிக்காத குறை.

அந்த வாரமே சறுக்கினேன். நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்து வாசலில் உட்காரும் காவல்காரர் நல்ல மனுஷர். "மேடம், இப்பத்தான் சதை பிடிச்சு பார்க்க நல்லா இருக்கீங்க," என்று மனதாரச் சொன்னார். அவர் பாராட்டினார், என் காதில் அது மரண தண்டனையாக விழுந்தது. மாடிக்கு லிஃப்டில் போகாமல் படியேறினேன். இறங்கி மறுபடி ஏறினேன். அன்று இரவுச் சாப்பாடு முழுவதும் கிண்ணத்துக்குப் போயிற்று. மறுநாளும் போயிற்று. சிரிக்க வைக்கும் நடிகர் கதையும் எடுபடவில்லை.

பிஸ்கட்டம்மாவிடம் போய் நின்று, "எல்லாம் போச்சு. என்னால முடியாது. என் இடத்தை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடறேன்," என்றேன். திட்டுவார், அல்லது தட்டிக் கொடுத்துத் தேற்றுவார்; இரண்டுக்கும் பதிலடி தயாராக வைத்திருந்தேன்.

"சரி. அடுத்த வேளை எப்ப?" என்றார்.

"நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்கறீங்க?"

"நீங்க சொன்னதைக் கேட்டேன். ரெண்டு நாள் துப்பிட்டீங்க. முன்னெல்லாம் எத்தனை நாள் கழிச்சு இதை யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க?"

சொல்லியே இருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்கப்புறம் காவல்காரரின் வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு, சதை என்றதும் என் மனது ஏன் நேரே தோல்வி என்று படிக்கிறது என்று பிரித்துப் பார்த்தோம். அழுதேன். எதிரில் ஆள் இருக்கும்போது நான் அழுவது அபூர்வம். கிளம்பும்போது தட்டில் இருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து, நின்றபடியே தின்று, விழுங்கினேன். "இதுவும் பழசுதான். நல்ல கடையில வாங்குங்க," என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார்.

இலையின் சுவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதலில் கசப்பு வந்தது. அப்புறம் துவர்ப்பு. ஒரு காலையில் வீட்டுக்காரர் போட்ட டீயைக் குடித்துவிட்டு, "இத்தனை வருஷமா இதையா எனக்குக் குடுத்துட்டிருந்தீங்க?" என்று கேட்டேன். அவர் துள்ளிக் குதித்தார். தன் டீயைக் குறை சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. பசி மட்டும் வரவில்லை. மணி பார்த்துத்தான் சாப்பிட்டேன், கடன்காரனைப் பார்க்கிற மாதிரி கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டு.

ஏலத்துக்கு முந்தின வாரம் மேடம் கூப்பிட்டார். மேசையில் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ஆரம்பி," என்றார். கடிகாரம் சுவரோடு சாய்ந்து நின்றான். இந்த இடம் எனக்கு இல்லையென்றால் அவனுக்குத்தான் என்று மேடம் முடிவு செய்திருந்தது எனக்குத் தெரியும்.

அன்று காலை நான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த மேசைக்கு வயிற்றில் எதையாவது போட்டுக்கொண்டு வருவது எத்தனையோ வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கை நடுங்கவில்லை. முன்பெல்லாம் நடுங்கும், அதைக் கரண்டியின் கனம் என்று நினைத்திருந்தேன்.

உறிஞ்சினேன், துப்பினேன், சொன்னேன். இது பழைய இலை. இது மழைக்காலத்து இலை, நீர்த்திருக்கு. இது நல்ல அழுத்தம், பாலுக்குத் தாங்கும். இரண்டு கிண்ணங்களை வெவ்வேறு தோட்டம் என்றேன். மேடம் சீட்டைத் திருப்பினார், இரண்டும் ஒரே தோட்டம். பழைய நானாக இருந்தால் ஒரு தப்போடு கரண்டியைப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தேன். உறிஞ்சினேன். அடித்தொண்டையில் சுள்ளென்று கரிந்த கட்டை.

"புகை," என்றேன். "இதை எவன் இங்க வச்சான்? தூக்கி வீசுங்க."

மேடம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நான் 'நல்ல இலை' என்று சொல்லி அனுப்பிய அதே இலை. இதற்காகவே ஒரு டப்பா எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

கடைசிக் கிண்ணம். உறிஞ்சியதும் நின்றுவிட்டேன். புது இலை. முதல் வெயில் பட்ட இலையின் இனிப்பு, அதன் பின்னால் பூ மாதிரி ஒரு மணம், கடைசியில் நாக்கைக் கிள்ளுகிற துவர்ப்பு. இத்தனை வருஷத்தில் இப்படி எத்தனை இலை என் வாய்க்குள் வந்து தொட்டிக்குப் போயிருக்கும்! கால் வழக்கம்போலத் தொட்டியை இழுத்தது. நான் துப்பவில்லை. விழுங்கினேன். தொண்டை, நெஞ்சு, வயிறு என்று சூடு இறங்கும் வழியெல்லாம் தெரிந்தது.

அறையே என்னைப் பார்த்தது.

"என்னாச்சு?" என்றார் மேடம்.

"இதைத் துப்ப மனசு வரல."

சுவரோரம் இருந்து, இத்தனை வருஷம் காத்திருந்த குரல், கூரை அதிர வந்தது:

"துப்புக் கெட்டவளே!"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு பெருமையாகக் கூப்பிட்டதில்லை. கடிகாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் குத்துகிறது என்றான். அவன் நின்ற பக்கம் வெயிலே இல்லை.

"நாளைக்கே மேசைக்கு வந்துடு," என்றார் மேடம். "ஒண்ணு மட்டும். இனிமே காலைல வெறும் வயித்தோட இந்த மேசைக்கு யாரும் வரக் கூடாது. நீ, நான், அவன், எல்லாருக்கும்தான்."

பிஸ்கட்டம்மாவிடம் இன்னும் போக வேண்டியிருக்கிறது. கண்ணாடி முன் நிற்கும்போது இன்னும் சில நாள் பழைய குரல் பேசும். அது பேசட்டும், நானும் பதிலுக்குப் பேசுவேன். எனக்கா பேசத் தெரியாது?

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது வயிற்றில் என்னவோ செய்தது. முதலில் வலி என்று நினைத்தேன். வாயு என்று நினைத்தேன். உள்ளே யாரோ மெதுவாகத் தட்டுவது போல இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் மோதிக்கொண்டு திட்டிவிட்டுப் போனார். வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"அம்மா, அந்தக் கேள்வியைக் கேளு."

"எந்தக் கேள்வி?"

"அதான். நீ கேக்கக் கூடாதுன்னு சொன்னது."

அம்மா சந்தேகப்பட்டாள். "அந்தக் கவுன்சிலரம்மா திட்டப் போறாங்கடி."

"திட்ட மாட்டாங்க. கேளும்மா."

தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, "சாப்... டியா?" என்றாள்.

வாய் பழக்கத்தில் 'ஆச்சும்மா' என்று சொல்லத் திறந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

"இல்லம்மா," என்றேன். "பசிக்குது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு என் அம்மாவின் பழைய, அசல் குரல் வந்தது.

"அப்ப எதுக்குடி எங்கூட வெட்டிக் கதை பேசிட்டு நிக்கற? போனை வை. போய் சாப்பிடு."

வைத்தது அவள்தான். எனக்குத் தெரிந்து அம்மா முதலில் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.